தண்ணீர் நின்ற கோடு

ஜூன் 24

இன்று பனிக்கரடியைக் காட்டினேன். ஹரிணி அனுப்பிய பாடத் தொகுப்பில் முதல் படமே அதுதான். உருகும் பனி மேல் எலும்பும் தோலுமாக நிற்கிற கரடி. காலநிலை மாற்றம் என்றால் குழந்தைகளிடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவளுடைய நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. ஹரிணிக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை, எனக்கு மேலதிகாரி.

நெடுந்தாங்கல் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு என் மடிக்கணினியில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. அங்கே அறிவியல் ஆசிரியர் பாக்கியநாதன் சார் கேமராவைச் சரித்து வைத்திருந்ததால் பாதிப் பேருக்குத் தலை இல்லை. பாடம் முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், இந்தக் கரடிக்கு நாங்க இன்னா மிஸ் பண்ணணும்?"

நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். தேவையில்லாதபோது மின்விசிறியை அணையுங்கள் என்றேன். வகுப்பில் ஒரே சிரிப்பு. அந்த அறையில் விசிறி ஓடி இரண்டு வருடம் ஆகிறதாம். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள் நான். துறையையே மூடி வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசியில் கரடியிடம் வந்து நிற்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் செவ்வந்தி.

ஜூலை 1

கரடியைத் தூக்கி எறிந்தேன். ஹரிணியிடம் சொல்லவில்லை. "போன டிசம்பர் மழையில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் கத்தியது. முட்டி, இடுப்பு, ஜன்னல், மீட்டர் பெட்டி. செவ்வந்தி வீட்டில் கட்டில் மேல் ஃபிரிட்ஜை ஏற்றி, ஃபிரிட்ஜ் மேல் அவளை ஏற்றி உட்கார வைத்தார்களாம். "பாம்பு வந்துச்சு மிஸ். அதுவும் பாவம், எங்க போவும்?" என்றாள்.

கடல் சூடானால் காற்று ஏன் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும், அந்த ஈரம் ஏன் ஒரே நாளில் கொட்டும் என்று விளக்கினேன். ஓர் ஆள்கூடக் கொட்டாவி விடவில்லை. பல வருடம் கழித்து இன்றுதான், வகுப்பு முடிந்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. இதையெல்லாம் நம்பி ஆசையை வளரவிடக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 6

துணி தேய்க்கும் அஞ்சலை வந்தாள். எங்கள் குடியிருப்பின் பின்வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவள். துணியை எண்ணிக்கொண்டே, "எம் பொண்ணு தொல்ல தாங்கலம்மா. கரி போடாத, பொக வருது, பூமி சூடாவுதுன்னு ஒரே ரப்ச்சர். கம்ப்யூட்டர்ல ஒரு மிஸ் வராங்களாம். எந்த ஊருலயோ இருந்து பாடம் எடுக்கறாங்களாம். அவங்க சொன்னா வேதவாக்கு" என்றாள்.

பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். செவ்வந்தி என்றாள். நல்ல பெயர் என்றேன்.

ஆசிரியர்கள் தங்கள் முகவரியை மாணவர்களுக்குத் தெரிவிக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பள்ளி இங்கிருந்து நடக்கும் தூரம்தான், இந்தப் பகுதி எனக்குப் பழக்கம் என்பதால்தான் ஹரிணி இதை எனக்குக் கொடுத்தாள். ஆனாலும் விதி விதிதான்.

ஜூலை 15

செயல்பாடு ஒன்று கொடுத்தேன். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் ஒரு பழுப்புக் கோடு நிற்கும், அதுவரை தண்ணீர் நின்றது என்று அர்த்தம். தெருத் தெருவாகப் போய்த் தரையிலிருந்து அந்தக் கோட்டின் உயரத்தை அளந்து வாருங்கள், எல்லாவற்றையும் சேர்த்து வரைபடம் போடுவோம் என்றேன். தண்ணீர் நின்ற இடத்துக்கு நீலம். அளக்க முடியாத இடத்தை வெள்ளையாக விட வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் நிரப்பக்கூடாது, அறிவியலில் அது பாவம் என்று கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டே சொன்னேன்.

பாக்கியநாதன் சார் பள்ளியின் விளையாட்டு டேப்பைக் கொடுத்தார். நீளம் தாண்டுதலுக்குப் பிறகு அதற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது என்றார். நல்ல மனிதர், கேமராவைத் தவிர.

ஜூலை 20

வாட்ச்மேன் தணிகாசலம் கீழேயிருந்து இன்டர்காமில் கூப்பிட்டார். "ஸ்கூல் புள்ளைங்க வந்திருக்காங்க மேடம். கார் நிறுத்தற எடத்துல செவுத்த அளக்கணுமாம். செகரட்டரி சார்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி என் கணவர் நந்தகுமார். நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல், "வேணாம்னு சொல்லு. இன்னிக்கு அளப்பாங்க, நாளைக்கு வீட்டு வெல எறங்கும்" என்றார். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கிவிடும்போல் இருந்தது. தணிகாசலத்திடம் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஜூலை 22

வகுப்பில் செவ்வந்தி புகார் சொன்னாள். "அந்தப் பெரிய அப்பார்ட்மெண்ட்ல உள்ளயே வுடல மிஸ். எங்க அம்மா அங்கதான் தேய்க்கறாங்க, அப்பவும் வுடல."

கிடைத்த இடம்வரை போதும் என்றேன். அளக்காததை வெள்ளையாக விடுங்கள்.

ஆகஸ்ட் 19

வரைபடம் முடிந்தது. அந்தக் காலத்து நில அளவைப் படத்தில் நெடுந்தாங்கல் ஏரி எங்கே இருந்தது என்று எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகளின் நீலத்தை அதன் மேல் வைத்தபோது வகுப்பே எழுந்து திரைக்குக் கிட்டே வந்தது. ஏரிக்கரைத் தெரு முழுக்க ஏரிக்குள். செவ்வந்தியின் வீடு ஏரிக்குள். பழைய ஏரியின் மறுபாதியில் பெரிய வெள்ளைச் சதுரம்.

"அப்போ ஏரி எங்க வூட்டுக்கு வரல, நாங்கதான் ஏரி வூட்டுக்குப் போயிட்டோமா மிஸ்?"

"நீங்கள் யாரும் போகவில்லை. உங்களுக்கு வேறு இடம் யாரும் கொடுக்கவில்லை" என்றேன். அதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். தூர்ந்துபோன போக்குக் கால்வாயை வெட்டினால் ஏரித் தண்ணீர் வடியும், கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று. இன்று சாயங்காலம் என்னை அறியாமல் பாடிக்கொண்டே சமைத்தேனாம், நந்தகுமார் சொன்னார்.

செப்டம்பர் 2

ஹரிணி வரைபடத்தைத் தன் வடிவமைப்பாளரிடம் கொடுத்துப் பளபளவென்று மாற்றியிருக்கிறாள். 'வெள்ளை: அளக்கப்படாத பகுதி' என்று பிள்ளைகள் கீழே எழுதியிருந்த குறிப்பைக் காணோம். மனுவின் தலைப்பு 'எங்கள் ஏரியை மீட்டுத் தாருங்கள்' என்று ஆகியிருக்கிறது. கால்வாய் கடைசிப் பத்தியில் ஒதுங்கிக் கிடக்கிறது. அச்சுக்குப் போவதற்கு முன் சரியா என்று கேட்டாள். ஒரே அவசரம். சரி என்றேன்.

செப்டம்பர் 9

திங்கள்கிழமை குறைதீர் கூட்டம். பாக்கியநாதன் சார் ஐந்து பேரை அழைத்துப் போய் மனு கொடுத்தார். எல்லோருக்கும் கை கொடுத்து, புகைப்படம் எடுத்து, இனிப்பும் கொடுத்தார்களாம். செவ்வந்தி படத்தில் வரைபடத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நன்றாக எண்ணெய் வைத்து வாரியிருக்கிறாள்.

செப்டம்பர் 27

எங்கள் திட்டத்துக்கு விருது. சென்னையில் பெரிய ஓட்டலில் விழா. என்னையும் மேடைக்கு ஏற்றினார்கள். பிள்ளைகளை அழைக்கவில்லை, பள்ளி வேலை நாளாம்.

அக்டோபர் 14

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே செவ்வந்தி கேமராவுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு நின்றாள். "மிஸ், வந்துட்டாங்க மிஸ்! ஆபீசருங்க! நம்ம படம் அவங்க கைல இருக்கு மிஸ். தெரு ஃபுல்லா அளந்தாங்க. டேப்போட அந்தப் பக்கம் நாங்கதான் புடிச்சோம்."

கால்வாய் வெட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று வகுப்பே கை தட்டியது. வீட்டுக் கதவுகளில் சிவப்புப் பெயின்ட்டில் எண் போட்டுவிட்டுப் போனார்களாம். எதற்கு என்று கேட்டதற்கு "உங்க நல்லதுக்குத்தான்" என்றார்களாம்.

பாக்கியநாதன் சார் கை தட்டவில்லை. நானும் தட்டவில்லை. எங்கள் இருவருக்கும் வயதாகிவிட்டது. கதவில் எண் போட்டால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

அக்டோபர் 25

அஞ்சலை துணி எடுக்க வந்தவள், எடுக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நோட்டீஸ் ஒட்டிட்டாங்கம்மா. நீர்நிலை ஆக்கிரமிப்பாம். எம் பொண்ணு வரைஞ்ச படத்த வச்சே எங்க வூட்ட இடிக்கறாங்க. தெருவுல ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேசல. எதிர்வூட்டு ஆளு, ஒம் பொண்ணு படிச்சுக் கிழிச்சதுல எங்க குடி முழுகிப் போச்சுன்னு அத்தினி பேர் முன்னாடி கேக்கறாரு. அது சாப்டாம கெடக்கு."

எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். கருவேலம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடாம், எட்டாவது மாடி. இரண்டு பஸ் மாற வேண்டும். "அங்கேர்ந்து எப்பிடிம்மா நான் வந்து தேய்ப்பேன்? அது எப்பிடிப் பள்ளிக்கூடம் வரும்? முழுப் பரிட்சைக்கு ஆறு மாசங்கூட இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அந்தக் கம்ப்யூட்டர் மிஸ்ஸு ஒரு வார்த்த பேசினா கேப்பாங்கன்னு அது நம்பிக்கினு இருக்கு. அவங்கள எங்க போயித் தேடறது?"

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சட்டைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 26

எங்கள் குடியிருப்புக்கு நோட்டீஸ் இல்லை. வரைபடத்தில் நாங்கள் வெள்ளை.

நந்தகுமாரிடம் கேட்டேன். "போன வருஷம் கீழ இடுப்பளவு தண்ணி நின்னுதே. நம்ம கார் மிதந்துதே. நாமளும் ஏரிக்குள்ளதான இருக்கோம்?"

"அந்தக் கோட்டு மேல பெயின்ட் அடிச்சாச்சு வசு."

"அளந்திருந்தா அவங்க தெருவ மட்டும் தனியாத் தொட்டிருக்க முடியாது. இத்தன வீட்ட இடிக்கப் பயந்து கால்வாய வெட்டியிருப்பாங்க."

"இல்லன்னா நம்மளயும் சேத்து இடிச்சிருப்பாங்க. இந்த வீட்ட விட்டா நமக்கு என்ன இருக்கு, சொல்லு?"

இந்த மனிதர் கெட்டவரும் இல்லை, அதுதான் கொடுமை. வாட்ச்மேனின் பையனுக்குக் கல்லூரியில் இடம் வாங்க அலைந்தவர்.

நவம்பர் 6

சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பேசலாம். போனேன். சளி பிடித்திருந்ததால் முகக்கவசம் போட்டுக்கொண்டேன். கடைசி வரிசையில் தூண் பக்கம் உட்கார்ந்தேன். வெள்ளத்தன்று மாடியிலிருந்து எடுத்த படம் என் போனில் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர், நடுவில் எங்கள் கார்.

பெரியவர்கள் கத்தி ஓய்ந்த பிறகு செவ்வந்தி எழுந்தாள். நேரில் இப்போதுதான் பார்க்கிறேன். திரையில் தெரிவதைவிடச் சின்னப் பெண். குரல் நடுங்கவில்லை.

"சார், இந்தப் படம் நாங்க போட்டது. வெள்ளையா இருக்கற எடம் தண்ணி வராத எடம் இல்ல சார். நாங்க அளக்காத எடம். எங்கள உள்ள வுடல. தெரியாதத நிரப்பக்கூடாதுன்னு எங்க மிஸ் சொன்னாங்க, அதான் வெள்ளையா வுட்டோம்."

இதைவிடத் தெளிவாக நானே சொல்லியிருக்க முடியாது. மேடையில் இருந்த அதிகாரி சிரிக்கவில்லை. மைக்கை வாங்கி, "சரியாச் சொன்ன. அந்த அப்பார்ட்மெண்ட்ல தண்ணி நின்னத நேர்ல பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? சொன்னா பதிவு பண்ணிக்கறேன். எல்லாத்தையும் மறுபடி அளக்கச் சொல்றேன்" என்றார்.

கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது வரிசையில் எங்கள் குடியிருப்பிலிருந்து வந்திருந்த மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். அஞ்சலை எழுந்து, "நான் பாத்தேன் சார்" என்றாள். நீங்கள் பாதிக்கப்பட்டவர், வேறு யாராவது என்றார் அதிகாரி.

எனக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. காலையிலிருந்தே சரியில்லை.

நவம்பர் 7

தொண்டை சரியாகிவிட்டது.

நவம்பர் 21

இன்று இடித்தார்கள். இங்கே நன்றாகக் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன், சாத்தியும் கேட்டது.

நவம்பர் 25

வகுப்பில் பாதி பெஞ்சு காலி. இருப்பவர்களும் குனிந்தே இருந்தார்கள். பாக்கியநாதன் சார் கேமராவை இன்று சரியாக வைத்திருந்தார், எல்லோருடைய முகமும் தெரிந்தது. புவி வெப்பமடைதலைத் தடுக்க நாம் செய்யக்கூடியவை என்பது பாடம். ஒரு பையன் கை தூக்கினான். "நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம் மிஸ். செஞ்சா வூடு போயிடும்."

பாடத்தை அங்கேயே நிறுத்தினேன். பாக்கியநாதன் சார் பிறகு போனில், "விடுங்க மேடம், நீங்க தூரத்துல இருந்துகிட்டு என்ன பண்ண முடியும்?" என்று ஆறுதல் சொன்னார். நன்றி சார் என்றேன்.

டிசம்பர் 12

இரண்டு நாளாக விடாத மழை. கார்களை எல்லோரும் மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கீழே தண்ணீர் ஏறிவிட்டது, லிஃப்ட் ஓடவில்லை. இடித்த தெரு பெரிய குளமாகத் தெரிகிறது. கால்வாயை யாரும் வெட்டவில்லை. ஏரி மீட்கப்பட்டது என்று ஒரு பலகை மட்டும் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

துணிகள் தேய்க்காமல் குவிந்து கிடக்கின்றன. நந்தகுமார் கசங்கிய சட்டையோடு அலுவலகம் போகிறார்.

ஜனவரி 6

ஹரிணி கூப்பிட்டாள். நெடுந்தாங்கல் மாதிரியை இன்னும் பத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம். வெளிநாட்டு மாநாட்டுக்கு ஒரு குறும்படம் வேண்டும், அதில் செவ்வந்தி பேச வேண்டும். "ஷி இஸ் அவர் ஸ்டார், மேம்."

அந்த நட்சத்திரம் பள்ளிக்கே போகவில்லை, புது இடத்தில் வருடத்தின் நடுவில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், இங்கே வர இரண்டு பஸ் என்றேன். ஹரிணி உண்மையாகவே கலங்கினாள். உடனே அவளுக்கு ஒரு டேப்லெட் அனுப்புவதாகவும், வாரம் ஒரு முறை நான் தனியாகப் பாடம் எடுக்கும்படியும் ஏற்பாடு செய்தாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். சொல்லவில்லை. விட்டால் அந்தப் பெண்ணைப் பார்க்கவே முடியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 20

முதல் தனி வகுப்பு. செவ்வந்தி இளைத்துவிட்டாள். பின்னால் பூசாத சுவர், மூலையில் கட்டி வைத்த மூட்டைகள், இன்னும் பிரிக்கவில்லை. அஞ்சலை வேலை தேடிப் போயிருக்கிறாளாம்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மிஸ், நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். நீங்க பழைய படம் பாக்கச் சொல்லிக் குடுத்தீங்கல்ல? அதே மாதிரி இந்த எடத்தையும் டேப்லெட்ல பாத்தேன். இதுவும் ஏரி மிஸ். மொத்த பில்டிங்கும் ஏரிக்குள்ள கீது. போன மாசம் மழைக்கு மொத மாடி வரைக்கும் கோடு நிக்குது. கீழ வூட்ல எல்லாம் அளந்து வச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது, எங்க அம்மாவுக்கும் சொல்லல. இத வரையட்டுமா மிஸ், வேணாமா?"

வகுப்பில் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஏங்கிய கேள்வி. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நிஜமான மாணவி. பழைய தாளின் மேல் புதுத் தாளை வைத்துத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

"வேண்டாம்மா" என்றேன். "வரையாதே. யாரிடமும் சொல்லாதே."

அவள் தலையாட்டினாள். நான் அப்படித்தான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள்போல. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வரையாம இருந்தா மறந்துபூடும் மிஸ். வேற எதுனா எடம் வரையறேன். யாருக்கும் கஷ்டம் வராத எடமா. நீங்க இருக்கற எடத்துல தண்ணி நிக்குமா மிஸ்? எந்த ஊருன்னு சொல்லுங்க, அத வரைஞ்சு தரேன்."

அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். நெட் சரியில்லை என்று தட்டச்சு செய்துவிட்டு, இணைப்பைத் துண்டித்தேன்.